பேரேட்டைப் பேச வைத்தவர்

குலசேகரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டோடு இருட்டாகப் பால் வெட்ட வேண்டும். வெட்டிய பால் சிரட்டையில் சொட்டி, வாளிக்கு வந்து, ஆசிட் சேர்ந்து உறைந்து, ரோலரில் அழுந்தி ஷீட்டாகி, புகைக்கூட்டில் காய்ந்து, கடைசியில் வியாபாரியின் தராசுக்கு வந்து சேருகிறது.

தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. மேஜையின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம். யார் வந்தார், எந்தத் தேதியில் வந்தார், எந்தத் தரத்து ஷீட், எத்தனை கிலோ, எவ்வளவு பணம் கொடுத்தாயிற்று, எல்லாம் அதில் இருக்கின்றன. நோட்டைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த நோட்டிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். திற்பரப்புப் பக்கத்திலிருந்து ஷீட் கொண்டு வந்தவர்களில், இந்த மாதம் ஒரு ரூபாய்கூடப் பெறாதவர்கள் யார் யார்? விடை அந்த நோட்டுக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் நோட்டு வாய் திறப்பதில்லை! கணக்குப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, வேறொரு தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரவேண்டும். பாதி வழியில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால், மறுபடி முதலிலிருந்து!

இது ஒரு கடையின் கஷ்டம் மட்டுமல்ல. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளுக்கும் 1960-களில் இதே கஷ்டம் இருந்தது. அவர்களிடம் நோட்டுக்குப் பதிலாக லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆனாலும் அவர்களுடைய பேரேடும் ஊமைப் பேரேடுதான். புதிதாக ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால், புரோகிராம் எழுதத் தெரிந்த நிபுணர் ஒருவர் நாள் கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

அந்த ஊமைப் பேரேட்டைப் பேச வைத்தவர் எட்கர் பிராங்க் காட். நண்பர்களுக்கு அவர் டெட் காட். இன்று நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கம்ப்யூட்டர் வேலை தேடிப் போகும் பட்டதாரி எவரும் எஸ்.கியூ.எல். என்ற மூன்றெழுத்தைக் கற்காமல் இருப்பது அபூர்வம். அந்த மூன்றெழுத்துக்கு வேராக இருந்தவர் இவர். ஆயினும் இவர் பெயரை அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

கல் தீவின் பிள்ளை

இங்கிலாந்தின் தென் கரையில் போர்ட்லண்டு என்று ஒரு தீவு உண்டு. கட்டடக் கல்லுக்குப் பேர் போன இடம். லண்டன் மாநகரின் புகழ் வாய்ந்த செயின்ட் பால் தேவாலயம் அந்தத் தீவின் கல்லால் எழுந்ததுதான். அங்கே 1923-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ம் தேதி காட் பிறந்தார். தந்தை தோல் பொருள் தயாரிப்பவர். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. ஏழு குழந்தைகளில் கடைக்குட்டி இவர்.

படிப்பில் கெட்டிக்காரப் பையன். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில், எக்ஸ்டர் கல்லூரியில் சேர்ந்து கணிதமும் ரசாயனமும் பயின்றார். ஆனால் அது இரண்டாவது உலக மகா யுத்த காலம். 1942-ல் படிப்பை நடுவில் விட்டுவிட்டு விமானப் படையில் சேர்ந்தார். கடற்கரைக் காவல் பிரிவில் விமானி உத்தியோகம். கடலில் இறங்கி ஏறக்கூடிய ஸந்தர்லண்டு என்னும் ராட்சத விமானங்களை ஓட்டினார். விமானம் ஓட்டும் ஆசை பிற்காலத்திலும் அவரை விட்டுப் போகவில்லை.

யுத்தம் முடிந்தது. திரும்பி வந்து பட்டத்தைப் பெற்றார். 1948-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஆக்ஸ்போர்டு பட்டதாரிக்கு அங்கே சிவப்புக் கம்பளம் விரித்து யாரும் காத்திருக்கவில்லை. நியூயார்க்கில் மேஸீஸ் என்ற பெரிய கடையில் சில காலம் விற்பனையாளராக நின்று ஆண்களுக்கான உடைகளை விற்றார். பிறகு டென்னஸி சர்வகலாசாலையில் சில மாதங்கள் கணித ஆசிரியர் வேலை பார்த்தார். 1949-ல் ஐ.பி.எம். கம்பெனியில் இடம் கிடைத்தது. அன்றைய கம்ப்யூட்டர் ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டு நின்ற யந்திரம். அதற்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கும் வேலை காட்டுக்கு வாய்த்தது.

கொள்கைக்காக ஊரை விட்டவர்

காட் விட்டுக்கொடுக்கும் பேர்வழி அல்ல. அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில் செனட்டர் மக்கார்த்தி என்பவர் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கிறேன் என்று கிளம்பி, கண்டவர்கள் மீதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அந்தப் போக்கு காட்டுக்குச் சகிக்கவில்லை. 1953-ல் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டுக் கனடா தேசத்துக்குப் போய்விட்டார். நான்கு வருஷம் கழித்து, 1957-ல்தான் திரும்பி ஐ.பி.எம்.முக்கு வந்தார். வந்ததும் ஸ்ட்ரெட்ச் என்ற பெரிய கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் பல வேலைகளைப் பார்ப்பதற்கு வழி செய்யும் குழுவில் பங்கு கொண்டார்.

நாற்பதை எட்டப்போகிற வயதில் பெரும்பாலோர் இனி என்ன படிப்பு என்று இருந்துவிடுவார்கள். காட் மறுபடி மாணவரானார்! கம்பெனியின் உதவித் தொகையில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று, 1965-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தன்னைப் போலவே இன்னொன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் யந்திரம் சாத்தியமா என்பது அவருடைய ஆராய்ச்சி. கணித மேதை வான் நாய்மன் அதற்கு 29 நிலைகள் கொண்ட கட்டங்களை வைத்து ஒரு வழி கண்டிருந்தார். காட் எட்டே நிலைகள் போதும் என்று காட்டினார்.

வாசகர்கள் இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இருபத்தொன்பதை எட்டாக்குவது, சிக்கலை எளிமையாக்குவது, இதுதான் அவர் மனத்தின் போக்கு. சில வருஷங்களுக்குப் பின் உலகம் முழுவதன் கணக்குப் புத்தகங்களையும் அந்த மனம்தான் மாற்றப்போகிறது.

கயிறு பிடித்து நடந்த காலம்

படிப்பு முடிந்து, கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரத்தில் இருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சி சாலைக்கு வந்து சேர்ந்தார் காட். அப்போது தகவல் சேமிப்பில் ஐ.பி.எம்.மின் பெருமைக்குரிய சரக்கு ஐ.எம்.எஸ். என்பது. மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பும் அப்பொல்லோ திட்டத்தின் ராக்கெட்டுகளுக்கு வேண்டிய எண்ணற்ற உறுப்புகளைக் கணக்கு வைப்பதற்காகப் பிறந்தது அது. சாமானியமான சாதனை அல்ல.

ஆனால் அதில் தகவல்கள் ஒரு மரத்தின் கிளைகளைப் போல அடுக்கப்பட்டிருந்தன. அடிமரத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து கொம்பு, கொம்பிலிருந்து இலை என்று வழி பிடித்துப் போனால்தான் தகவல் கிடைக்கும். நம் ரப்பர் கடையையே எடுத்துக்கொள்வோம். விவசாயியின் பெயருக்குக் கீழே அவர் கொண்டு வந்த ஷீட்டுகளின் கணக்கைக் கட்டி வைத்திருக்கிறோம். இன்ன விவசாயி எத்தனை கிலோ கொண்டு வந்தார் என்று கேட்டால் சுலபமாக விடை வரும். நான்காம் தர ஷீட் கொண்டு வந்தவர்கள் யார் என்று தலைகீழாகக் கேட்டால்? ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்க வேண்டும். அதற்குத் தனிப் புரோகிராம். அடுக்கும் முறையைச் சற்று மாற்றிவிட்டாலோ, பழைய புரோகிராம்கள் பலவும் படுத்துவிடும்.

வேறு சிலர் கிளைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பார்த்தார்கள். அந்த வழியில் பெயர் பெற்றவர் சார்ல்ஸ் பாக்மன் என்ற நிபுணர். கயிற்றைப் பிடித்து ஒரு தகவலிலிருந்து இன்னொரு தகவலுக்குத் தாவலாம். வேகம் உண்டு. ஆனால் எந்தக் கயிறு எங்கே போகிறது என்று அறிந்தவரால்தான் நடக்க முடியும்.

பதினோரு பக்கங்கள்

கணிதம் படித்த காட்டுக்கு இது பிடிக்கவில்லை. கேள்வி கேட்கிறவன் கிட்டங்கியின் சந்து பொந்துகளை எதற்காக அறிந்திருக்க வேண்டும்? இன்னது வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. அது எங்கே இருக்கிறது என்று தேடுவது யந்திரத்தின் வேலை. இந்த ஒரு எண்ணத்தை 1969-ல் கம்பெனிக்குள் ஓர் அறிக்கையாக எழுதினார். 1970 ஜூன் மாதம் அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கத்தின் பத்திரிகையில் அது விரிவான கட்டுரையாக வெளிவந்தது. மொத்தம் 11 பக்கங்கள்!

அந்தக் கட்டுரையின் சாரத்தைச் சாதாரணப் பேச்சில் சொல்லிவிடலாம். மரம் வேண்டாம், கயிறு வேண்டாம். எல்லாத் தகவலையும் வெறும் அட்டவணைகளாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு செய்தி. ஒவ்வொரு வரிக்கும் அதை அடையாளம் காட்ட ஒரு திறவுகோல். ஓர் அட்டவணையையும் இன்னொன்றையும் இணைக்க வேண்டுமானால், இரண்டிலும் உள்ள பொதுவான எண் ஒன்றே போதும். வேண்டிய வரிகளைப் பொறுக்கு, வேண்டிய பத்திகளை எடு, இரண்டு அட்டவணைகளை இணை, இப்படிச் சில செயல்களைக் கொண்டே எந்தக் கேள்விக்கும் விடை கண்டுவிடலாம். கேட்கிற விடையும் ஓர் அட்டவணையாகவே வரும். ஆகவே அந்த விடையிடமே அடுத்த கேள்வியைக் கேட்கலாம். கணித சாஸ்திரத்தில் கணங்களைப் பற்றி மாணவர்கள் படிக்கிறார்களே, அதையே கணக்குப்பிள்ளையின் மேஜைக்குக் கொண்டு வந்துவிட்டார் காட்.

சொந்த வீட்டில் எதிர்ப்பு

இப்படிப்பட்ட கருத்தைக் கம்பெனி தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. பால் கொடுக்கிற பசு கட்டுத்தறியில் நிற்கும்போது, இன்னும் பிறக்காத கன்றுக்காக அதை யார் விரட்டுவார்கள்? அட்டவணை முறை ஏட்டுச் சுரைக்காய் என்று பலர் கருதினார்கள். யந்திரமே வழி தேடினால் மனிதன் எழுதிய புரோகிராமின் வேகம் வராது என்பது அவர்கள் வாதம். அது வீண் வாதம் என்றும் சொல்ல முடியாது. அந்நாளில் அப்படி ஒரு யந்திரத்தை யாரும் ஓட்டிக் காட்டியிருக்கவில்லை.

காட் சும்மா இருக்கவில்லை. வாடிக்கையாளர்களிடமே தம் கருத்தை எடுத்துச் சொன்னார். கம்பெனியில் மேலே இருந்தவர்களுக்கு இது எவ்வளவு தர்மசங்கடமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1974-ல் மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரத்து மாநாட்டில் அவரும் பாக்மனும் நேருக்கு நேர் நின்று விவாதம் செய்தார்கள். பாக்மன் அதற்கு முந்தைய வருஷம்தான் கம்ப்யூட்டர் துறையின் தலைசிறந்த விருதான டூரிங் பரிசைப் பெற்றவர். இரு தரப்பாருக்கும் ஆதரவாளர்கள் கூடியிருந்தார்கள். அன்று யாரும் யாரையும் வீழ்த்திவிடவில்லை. ஆனால் இளைஞர்களின் காதில் காட்டின் வார்த்தை விழுந்துவிட்டது.

அப்படி முன்னரே காது கொடுத்தவர்களில் ஒருவர் டானல்ட் சேம்பர்லின். காட்டின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டபோது, தாம் பக்கம் பக்கமாகப் புரோகிராம் எழுதிய கேள்விகளை அவர் ஒரே வரியில் முடித்ததைக் கண்டு திகைத்துப் போனார். ஸான் ஹோஸேயில் சிஸ்டம் ஆர் என்ற பெயரில் ஆராய்ச்சி தொடங்கியது. சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸ் என்ற இளைஞரும் சேர்ந்து, கணிதக் குறிகள் இல்லாமல், சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகளிலேயே கேள்வி கேட்கும் மொழி ஒன்றை அமைத்து 1974-ல் வெளியிட்டார்கள். சீக்வெல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தப் பெயர் வேறொரு கம்பெனிக்கு உரிய வியாபாரக் குறியாக இருந்தபடியால், பின்னர் அது எஸ்.கியூ.எல். ஆகச் சுருங்கிற்று. பாவம், அந்த மொழி உலகை ஆளப்போவதைப் பார்க்கப் பாய்ஸுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதே 1974-ல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார்.

யந்திரமே நல்ல வழியைத் தேடிக்கொள்ள முடியுமா என்ற பெரிய கேள்விக்கு அதே குழுவிலிருந்த பட்ரீஷியா செலிங்கர் என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் விடை கண்டார்கள். பல வழிகளுக்கும் செலவைக் கணக்கிட்டு, சிக்கனமானதைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும் முறையை 1979-ல் வெளியிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிவிட்டது!

ஆனால் ஐ.பி.எம். ஆற அமர நடந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளோ ஊரறிய வெளிவந்துகொண்டிருந்தன. பெர்க்லி சர்வகலாசாலையில் ஸ்டோன்பிரேக்கர், வாங் என்ற இரு பேராசிரியர்கள் அவற்றைப் படித்து இங்க்ரெஸ் என்ற அமைப்பைக் கட்டினார்கள். லாரி எல்லிஸன் என்பவர் தோழர்களுடன் 1977-ல் தொடங்கிய சிறு கம்பெனி, 1979-ல் ஆரகிள் என்ற சரக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்து ஐ.பி.எம்.மை முந்திக்கொண்டது. ஐ.பி.எம்.மின் முதல் எஸ்.கியூ.எல். சரக்கு 1981-ல் வந்தது. அதன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கான டி.பி.2 என்பது 1983-ல் வந்தது. கட்டுரை வெளிவந்து 13 வருஷம்! எல்லிஸன் உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். காட் சம்பளக்காரராகவே இருந்தார்.

குலசேகரத்துக் கணக்கு

அவர் விதைத்தது அன்றாட வாழ்வில் எப்படிக் காய்க்கிறது என்று பார்ப்போம். நம் ரப்பர் கடைக்கே வருவோம்.

முதல் காரியம், ஒரு நோட்டை மூன்றாகப் பிரிப்பது. விவசாயி அட்டவணையில் எண், பெயர், ஊர். வரவு அட்டவணையில் தேதி, விவசாயி எண், தரம், கிலோ. பட்டுவாடா அட்டவணையில் தேதி, விவசாயி எண், ரூபாய். எதற்கு இந்தப் பிரிவினை? ஒவ்வொரு வரவிலும் ஊரின் பெயரை எழுதிக்கொண்டே போனால், அவர் திற்பரப்பிலிருந்து திருவட்டாறுக்குக் குடிபோகும்போது ஐம்பது இடத்தில் திருத்த வேண்டும். நாற்பத்தொன்பதைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், பேரேடு பொய் சொல்லத் தொடங்கும். ஒரு செய்தி ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். இந்த ஒழுங்குக்குப் படிப்படியான விதிகளை வகுத்தவரும் காட்தான்.

இனிக் கேள்வி. எஸ்.கியூ.எல்.லில் செலக்ட் என்றால் எந்தப் பத்திகள் வேண்டும் என்பது. ஃப்ரம் என்றால் எந்த அட்டவணையிலிருந்து. வேர் என்றால் என்ன நிபந்தனை. குரூப் பை என்றால் எதன்படி கூட்டிக் காட்ட வேண்டும் என்பது. ஜாயின் என்றால் இரண்டு அட்டவணைகளை இணைப்பது. இந்த ஐந்தையும் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். சறுக்குகிற இடங்கள் வேறே.

ஒன்று: பணம் பெறாதவர் யார் என்ற கேள்வி. விவசாயி அட்டவணையையும் பட்டுவாடா அட்டவணையையும் வெறும் ஜாயினால் இணைத்தால், பணம் பெற்றவர்கள்தாம் விடையில் வருவார்கள். பெறாதவருக்கு மறுபுறம் இணைவதற்கு வரியே இல்லையே! நாம் தேடுகிறவர்கள்தாம் காணாமற்போவார்கள். இங்கே லெஃப்ட் ஜாயின் வேண்டும். இடப்பக்கத்தில் உள்ள எல்லோரையும் அது காட்டும். மறுபுறம் ஒன்றும் இல்லாதவருக்கு இடத்தைக் காலியாக விடும். அந்தக் காலியிடம் உள்ளவர்களைப் பொறுக்கினால் அவர்களே நாம் தேடியவர்கள். இந்த மாதம் என்ற நிபந்தனையை மட்டும் இணைக்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் வேரில் சொன்னால், காலியிடம் உள்ளவர்கள் மறுபடி கழிந்து போவார்கள்.

இரண்டு: அந்தக் காலியிடத்துக்கு நல் என்று பெயர். அது பூஜ்யம் அல்ல. தெரியாது என்பதன் அடையாளம். குலசேகரம் அல்லாத ஊர்க்காரர்களைக் காட்டு என்று கேட்டால், ஊர் எழுதப்படாதவர் விடையில் வரமாட்டார். அவர் ஊர் எது என்று தெரியாதபோது, குலசேகரம் அல்ல என்று யந்திரம் எப்படிச் சாட்சி சொல்லும்? நல் என்பதற்குச் சமமா என்று கேட்டாலும் ஆமென்று சொல்லாது. ஈஸ் நல் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்று: இதில் விழாதவர் இல்லை. ஒரு விவசாயி மூன்று தடவையாக 20, 25, 15 கிலோ கொண்டு வந்தார், மொத்தம் 60. இரண்டு தடவை பணம் பெற்றார். வரவையும் பட்டுவாடாவையும் நேரே இணைத்துக் கூட்டினால் 120 கிலோ என்று விடை வரும்! மூன்று வரியும் இரண்டு வரியும் சேர்ந்து ஆறு வரியாகி, ஒவ்வொரு வரவும் இரண்டு முறை, ஒவ்வொரு பணமும் மூன்று முறை எண்ணப்பட்டுவிட்டன. யந்திரத்தின் மீது குற்றமில்லை, கேட்டது அப்படி. முதலில் வரவைத் தனியே விவசாயிவாரியாகக் கூட்டி, பணத்தையும் தனியே கூட்டி, அந்த இரண்டு விடைகளை இணைத்தால் சரியான கணக்கு வரும்.

நான்கு: திருத்தும்போதும் அழிக்கும்போதும் வேர் என்ற நிபந்தனையை மறந்தால், ஒருவர் கணக்குக்குப் பதில் ஊரார் கணக்கெல்லாம் போய்விடும். ஆகவே அதே நிபந்தனையைச் செலக்டில் போட்டு, எத்தனை வரி வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டே அழிக்க வேண்டும். அதையும் டிரான்ஸாக்ஷனுக்குள் செய்தால், பிசகு தெரிந்ததும் ரோல்பேக் என்று சொல்லிப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஒரு ஏழை விவசாயியின் பாக்கிப் பணம் கணக்கிலிருந்து மறைந்து போவதும் போகாததும் இப்படி ஒரு சிறு வார்த்தையில் நிற்கிறது. அதனால்தான் இது வெறும் பரீக்ஷைப் பாடம் அல்ல.

தந்தையின் மனக்குறை

1981-ல் காட்டுக்கு டூரிங் பரிசு கிடைத்தது. பாக்மன் பெற்ற அதே பரிசு! உலகம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனமும், மறு வருஷம் சர்வதேச ஸ்தாபனமும் எஸ்.கியூ.எல்.லை ஏற்றுக்கொண்டன.

ஆனால் காட்டுக்குப் பூரண திருப்தி உண்டாகவில்லை. எஸ்.கியூ.எல். அவருடைய கருத்தில் பிறந்த பிள்ளை. அவர் கையால் வளர்த்த பிள்ளை அல்ல. ஒரே வரி இரண்டு தடவை வருவதை அது அனுமதித்தது. கணிதத்தில் ஒரு கணத்தில் ஒரு பொருள் ஒரே தடவைதான் இருக்கலாம். இது பெரும் குறை என்று அவர் பத்திரிகைகளில் எழுதினார். அட்டவணை முறை என்ற பெயர் நன்றாக விலை போகிறது என்று கண்டு, பழைய சரக்குக்கே புதுச் சீட்டு ஒட்டி விற்றவர்களும் கிளம்பினார்கள். அவர்களைக் கண்டிக்க 1985-ல் காட் தம்முடைய புகழ் பெற்ற 12 விதிகளை வெளியிட்டார். எண்ணிப் பார்த்தால் 13 இருக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தார் அந்தக் கணித மேதை!

அதற்கு முன்பே, 1984-ல், ஐ.பி.எம்.மிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். நண்பர் கிறிஸ் டேட் என்பவருடன் சேர்ந்து ஆலோசனை நிலையம் நடத்தினார். பிற்காலத்தில் அவருக்கும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. 1993-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஒரு வியாபாரக் கம்பெனியின் பணத்தில் எழுதப்பட்டது என்று தெரிய வந்தபோது கண்டனம் எழுந்தது. சரக்கை விற்கிறவர்களோடு அத்தனை காலம் மல்லுக்கு நின்றவருக்கு இது நேர்ந்ததே என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் ஒரு கட்டுரையின் குறையால் 1970-ம் ஆண்டுக் கட்டுரையின் நிறை குறைந்துவிடாது.

2003-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் தேதி அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில், தமது 79-வது வயதில், இருதய நோயால் காட் காலமானார்.

சட்டைப் பைக்குள் ஒரு பேரேடு

அவர் மறைந்து இருபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. கம்ப்யூட்டர் உலகில் இருபது வருஷம் என்பது ஒரு யுகம். எத்தனையோ மொழிகள் வந்தன, போயின. அட்டவணை நிலைத்து நிற்கிறது. எஸ்.கியூலைட் என்ற சிறு பேரேடு இன்று நம் கைத் தொலைபேசிகளுக்குள் இருந்துகொண்டு வேலை செய்கிறது. பெர்க்லியில் தொடங்கிய இங்க்ரெஸின் வழித்தோன்றலான போஸ்ட்கிரெஸ் இன்று விலையின்றியே கிடைக்கிறது. ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே எட்டிய வித்தையைக் குலசேகரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு மாணவியோ, ரப்பர் வியாபாரியின் மகனோ இன்று காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

கற்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. புத்தகத்தில் உள்ள ஊர் பேர் தெரியாத கம்பெனியின் கணக்கை வைத்துப் பழகாதீர்கள். வீட்டுக் கடை நோட்டை எடுங்கள். குடும்பஸ்ரீயோ மகளிர் குழுவோ எழுதும் சேமிப்புக் கணக்கை எடுங்கள். விடை என்ன என்று கையாலேயே கூட்டிப் பார்க்கக்கூடிய அளவுக்குப் பத்து வரிகளை எழுதுங்கள். பிறகு கேள்வி கேளுங்கள். யந்திரம் சொல்லும் விடையும் விரல் விட்டு எண்ணிய விடையும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராதபோது, ஏன் என்று யோசியுங்கள். அப்போதுதான் வித்தை வசப்படும்.

திற்பரப்பிலிருந்து ஷீட் சுமந்து வந்து, இந்த மாதம் பணம் பெறாமல் போன அந்த விவசாயியின் பெயர், ஒரு நிமிஷத்துக்குள் திரையில் வந்து நிற்கட்டும். யுத்த விமானம் ஓட்டி, துணிக்கடையில் நின்று, கொள்கைக்காக ஊர் மாறி, நாற்பது வயதில் மாணவராகி, சொந்தக் கம்பெனியோடு மல்லாடிய அந்தப் போர்ட்லண்டுத் தீவுக்காரரின் உழைப்பு அந்த ஒரு நிமிஷத்தில் நம் ஊருக்கும் வந்து சேர்ந்துவிடும்.